ரோஸ் பவுல் வாசல்வரை: மிச்சிகன் அணியின் 2023 சீசனும் நான் இழந்த 1,200 டாலரும்

முதுநிலைப் படிப்புக்காக 2023 ஆகஸ்டில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகருக்கு வந்து சேர்ந்தேன். வந்த ஐந்தாம் மாதத்தில், பல்கலைக்கழக அணியின் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக நாட்டின் மறுகோடிவரை விமானத்தில் போய், போலி டிக்கெட்டோடு வாசலில் நின்று, ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாயை இழந்து, மைதானத்துக்குள் காலடி வைக்காமலே திரும்பினேன். வீட்டில் இதைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கல்விக்கடன் வாங்கிப் படிக்க வந்த பிள்ளை இப்படிப் பணத்தைத் தொலைத்தான் என்று அப்பா நினைத்துவிடுவாரோ என்ற அச்சமே அதற்குக் காரணம். ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள், நான் விழுந்த அதே குழிக்குப் பக்கத்தில்தான் நடந்து போகிறார்கள் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. வ.உ.சி. மைதானத்தில் சிறுவயதில் நிறையக் கால்பந்து பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் கால்பந்து என்பது வேறொரு விளையாட்டு. முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில்தான் ஏந்தி ஓடுகிறார்கள். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் தருகிறார்கள். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது டச்டவுன், ஆறு புள்ளிகள். கல்லூரி அணிகளின் வழக்கமான சீசனில் ஓர் அணிக்குப் பன்னிரண்டே ஆட்டங்கள், அவையும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான். அந்த ஆண்டு நாடு முழுவதிலுமிருந்து நான்கே அணிகள்தான் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் முறை இருந்தது. அடுத்த ஆண்டிலிருந்துதான் அதைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். ஒரே ஒரு தோல்விகூட ஓராண்டு உழைப்பை முடித்துவிடலாம் என்பதால், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரிய ஒரு மாதம் பிடித்தது. முதலில் எனக்குத் தெரிந்தது தனிமை ஒன்றுதான்.

செப்டம்பர் 2ஆம் தேதி ஈஸ்ட் கரோலினா அணியுடன் முதல் ஆட்டம். அதுவரை வகுப்பு, அறை, மளிகைக் கடை என்று மூன்று இடங்களுக்கு மட்டுமே போய் வந்துகொண்டிருந்தேன். அம்மாவிடம் தினமும் தொலைபேசியில் பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்பேன். வைத்த பிறகு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அன்று காலை ஸ்டேட் தெரு முழுவதும் மஞ்சளும் நீலமுமாக மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கைக்குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், தடி ஊன்றிய முதியவர்கள், முகத்தில் சாயம் பூசிய மாணவர்கள் என எல்லோரும் ஒரே திசையில் போனார்கள். மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேர் அமரலாம். 1927இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், வெளியிலிருந்து பார்க்கும்போது அதன் அளவு தெரியாது. வாசலைத் தாண்டிப் படிக்கட்டின் மேல்முனையில் நின்று கீழே பார்த்தபோது எனக்குச் சட்டென்று கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற அறிமுகமே இல்லாத மாணவர், முதல் டச்டவுன் விழுந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். ஆன் ஆர்பருக்கு வந்த பிறகு மனிதர் ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. 30–3 என்று நாங்கள் வென்றோம். "நாங்கள்" என்று அன்றைக்கே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது மாணவர் சீசன் டிக்கெட்டைப் பற்றி. பல்கலைக்கழகத்தின் டிக்கெட் அலுவலகம் மாணவர்களுக்கு வெளிச்சந்தையைவிட மிகக் குறைந்த விலையில் மொத்த சீசனுக்கும் சேர்த்துத் தருகிறது. 2023இல் ஆன் ஆர்பரில் மட்டும் ஏழு ஆட்டங்கள் இருந்தன. விற்பனை தொடங்கும் நாளும் முடியும் நாளும் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குத்தான் வரும் என்பதால், சேர்க்கை உறுதியான நாளிலிருந்தே அந்த அஞ்சல் பெட்டியைத் தவறாமல் பார்த்துவர வேண்டும். மாணவர் டிக்கெட்டில் நுழைய மாணவர் அடையாள அட்டையும் தேவைப்படும். நண்பருக்கோ ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கோ அதைக் கொடுப்பதென்றால், கூடுதல் கட்டணம் கட்டி முறைப்படி மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். பையோடு போகாதீர்கள். பெரும்பாலான மைதானங்களில் உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒளிபுகு பைக்கு மட்டுமே அனுமதி. சில இடங்களில் அதற்கும் இல்லை. மடிக்கணினிப் பையோடு நூலகத்திலிருந்து நேராக வந்துவிட்டு, வைக்க இடமில்லாமல் முதல் கால்பகுதி ஆட்டத்தையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அணியின் கதை வாரத்துக்கு வாரம் என்னை இழுத்துக்கொண்டே போனது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா முதல் மூன்று ஆட்டங்களுக்குப் பல்கலைக்கழகமே விதித்த இடைநீக்கத்தில் இருந்தார். அவர் திரும்பி வந்த பிறகு நெப்ராஸ்காவை 45–7, மின்னசோட்டாவை 52–10, இண்டியானாவை 52–7, பரம எதிரியான மிச்சிகன் ஸ்டேட்டை 49–0 என்று அடுத்தடுத்து வீழ்த்தினார்கள். அக்டோபரில், எதிரணிப் பயிற்சியாளர்கள் தங்கள் வீரர்களுக்குக் காட்டும் சைகைகளை முன்கூட்டியே ஆள் வைத்துப் பதிவு செய்ததாக விசாரணை கிளம்பியது. நவம்பர் 10ஆம் தேதி, பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு முந்தைய நாள், மிச்சிகன் அணி விளையாடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென், ஹார்பாவை வழக்கமான சீசனின் மீதி மூன்று ஆட்டங்களுக்கும் தடை செய்தது. மறுநாள் அணியை வழிநடத்திய உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் தொடர்ந்து 32 முறை பந்தை எறியவிடாமல் ஓடியே முன்னேறும் ஆட்டத்தை ஆடவைத்து, 24–15 என்று வென்று, தொலைக்காட்சிப் பேட்டியில் அழுதார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் அழுதேன். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கணக்கியல் பயிற்சி அப்போது பாதிதான் முடிந்திருந்தது.

படிப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். ஆட்டம் மூன்றரை மணி நேரம்தான். ஆனால் வாகன நிறுத்துமிடங்களில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடும் டெயில்கேட், மைதானத்துக்கு நடை, ஆட்டம், வெற்றிக்குப் பிந்தைய கூட்டம் எல்லாம் சேர்ந்தால் சனிக்கிழமை முழுவதும் போய்விடும். ஞாயிறு பிற்பகல்தான் தலை நிமிரும். அக்டோபர் இடைத்தேர்வில் ஒரு பாடத்தில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, என் சராசரி 3.0க்குக் கீழே போகும் வாய்ப்பு இருந்தது. முதுநிலை மாணவர் அதற்குக் கீழே போனால் படிப்பில் நீடிப்பதே கேள்விக்குறியாகிவிடும். உதவித்தொகை இருப்பவர்களுக்கு அதுவும் கைநழுவும். அதன்பின் வெளியூர் ஆட்டங்களுக்கான சனிக்கிழமைகளைப் படிப்புக்கென்று ஒதுக்கினேன். வானொலி வர்ணனையைக்கூடக் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பென் ஸ்டேட் ஆட்டத்தன்று மட்டும் அது முடியவில்லை. பாடத்திட்டம் கிடைக்கும் முதல் வாரத்திலேயே ஆட்ட அட்டவணையையும் தேர்வு அட்டவணையையும் ஒரே தாளில் எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது. எனக்கு அந்த யோசனை அக்டோபர் இறுதியில்தான் வந்தது.

நவம்பர் 25, நண்பகல். ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம். இந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான பகையை எங்கள் ஊர்ப் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் இரண்டு கிராமங்களுக்கு இடையே நான் பார்த்திருக்கிறேன். இரண்டு அணிகளும் அதுவரை ஒன்றில்கூடத் தோற்கவில்லை. என் டிக்கெட்டை 300 டாலருக்கு ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை, அதற்காக இன்றும் வருந்தவில்லை. உறைநிலையை ஒட்டிய குளிர். மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை. நான்கு மணி நேரம் அலுமினியப் பலகையின்மேல் நின்றால் குளிர் காலணியின் அடிவழியே ஏறி முழங்கால்வரை மரத்துப்போகும். முன் வரிசை முதியவர் ஒருவர், வீட்டிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டித் துண்டொன்றை என் காலடியில் போட்டார். அந்த ஓர் அட்டை செய்த உதவியை நான் 60 டாலருக்கு வாங்கிய காலுறைகள் செய்யவில்லை. மூன்றாம் கால்பகுதியில் மிச்சிகனின் ஸாக் ஸின்டர் கால் எலும்புகள் முறிந்து விழுந்தார். லட்சம் பேர் இருந்த இடத்தில், வண்டியில் அவரை ஏற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆட்டம் தொடர்ந்த அடுத்த நகர்விலேயே எங்கள் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். ஆட்டம் முடிய 25 விநாடி இருக்கையில் ராட் மூர் எதிரணியின் எறிபந்தை இடையில் பிடித்தார். 30–24. நாங்கள் எல்லோரும் புல்தரைக்குள் இறங்கிவிட்டோம். கூட்டத்தில் என் மூக்குக்கண்ணாடி போயிற்று. நான் அதைத் தேடக்கூட இல்லை.

இண்டியானாபொலிஸில் அயோவாவை 26–0 என்று வென்று கூட்டமைப்புப் பட்டத்தைப் பிடித்த மறுநாள், டிசம்பர் 3ஆம் தேதி, அறிவிப்பு வந்தது. ஜனவரி 1ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பாசடீனாவில் இருக்கும் ரோஸ் பவுல் மைதானத்தில் அலபாமாவுடன் அரையிறுதி. அந்த நொடியில் நான் போவதென்று முடிவு செய்துவிட்டேன். முதல் தவறு, மாணவர்களுக்கான ஒதுக்கீட்டு டிக்கெட்டுக்கு விண்ணப்பிக்கும் அஞ்சலைப் பருவத் தேர்வு மும்முரத்தில் கவனிக்காமல் விட்டது. இரண்டாவது தவறு, அதைவிடப் பெரியது: டிக்கெட் கையில் வருவதற்கு முன்பே விமானத்துக்குப் பணம் கட்டியது. டெட்ராய்ட்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் புத்தாண்டு வாரத்தில் போய்வர 540 டாலர். நாளாக ஆக விலை ஏறும் என்ற பதற்றத்தில், பணம் திரும்பக் கிடைக்காத வகையிலேயே எடுத்தேன். அமெரிக்காவில் புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நேரடியாக விமான நிறுவனத்திடம் எடுத்த டிக்கெட்டை, எடுத்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்ற விதி இருக்கிறது. பின்னால்தான் அறிந்துகொண்டேன். அது தெரிந்திருந்தால் மறுநாள் அமைதியாக உட்கார்ந்து யோசித்திருப்பேன்.

விமானச் சீட்டு கையில் இருப்பவனுக்கு மைதானச் சீட்டு இல்லாவிட்டால் அவன் பேரம் பேசும் நிலையில் இல்லை. எப்படியாவது வாங்கியே ஆக வேண்டியவன் ஆகிவிடுகிறான். நம்பகமான மறுவிற்பனைத் தளங்களில் காட்டிய விலையோடு கடைசிப் பக்கத்தில் சேர்க்கும் கட்டணமும் சேர்ந்தபோது என் கைக்கு எட்டவில்லை. அப்போது ரசிகர்கள் கூடும் சமூக ஊடகக் குழு ஒன்றில் 380 டாலருக்கு ஒருவர் விற்பதாகப் போட்டிருந்தார். பல ஆண்டுகள் பழைய கணக்கு. மஞ்சள் நீலச் சட்டை அணிந்த சிறுமியோடு படம். மாமனாருக்கு அறுவை சிகிச்சை, போக முடியவில்லை, லாபம் வேண்டாம், உண்மையான ரசிகருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று எழுதியிருந்தார். நான் இந்தியாவிலிருந்து வந்த மாணவன், இதுதான் என் முதல் சீசன் என்று சொன்னதும், ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தைப் பற்றி என்னோடு அரைமணி நேரம் எழுத்தில் உரையாடினார். ஸின்டர் விழுந்த நொடியில் தானும் அழுததாகச் சொன்னார். மூன்று மாதமாக எனக்குக் கிடைத்திருந்த மிக நல்ல உணர்வு எதுவோ, அதைக் கொண்டே என்னைப் பிடித்தார் என்பதுதான் பணத்தைவிட என்னை நெடுநாள் உறுத்தியது.

வங்கிக் கணக்கிலிருந்து நொடியில் பணம் போகும் பரிமாற்றச் செயலி வழியாக 380 டாலர் அனுப்பினேன். டிக்கெட்டை என் பெயருக்கு மாற்ற 60 டாலர் கட்டணம் கேட்கிறது, ஆட்டம் முடிந்ததும் அது தனக்குத் திரும்ப வரும், அப்போது தந்துவிடுகிறேன் என்றார். அதையும் அனுப்பினேன். பட்டைக்குறியீடும் பகுதி, வரிசை, இருக்கை எண்களும் உள்ள படம் ஒன்று வந்தது. செயலியில் மாற்றம் நடப்பதற்குச் சில நாள் ஆகும், அதுவரை இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆட்டத்துக்கு முந்தைய நாள்வரை பதில் சொல்லிக்கொண்டும் இருந்தார். பெரிய ஆட்டங்களுக்கான டிக்கெட்டுகள் இப்போது ஏறக்குறைய எல்லாமே கைபேசிச் செயலிக்குள்தான் இருக்கின்றன. அவற்றின் பட்டைக்குறியீடு சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே திரையைப் படம் பிடித்து அனுப்பும் டிக்கெட் உண்மையானதாகவே இருந்தாலும் வாசலில் செல்லாது. எனக்கு இந்த ஒரு தகவல் மட்டும் தெரிந்திருந்தால், அந்தப் படத்தைக் கண்ட அன்றே விழித்திருப்பேன். டிக்கெட் உங்கள் பெயரிலுள்ள அதிகாரப்பூர்வக் கணக்கில், உங்கள் செயலிக்குள் வந்து உட்கார வேண்டும். அப்படி வராதவரை அது டிக்கெட் இல்லை. பணத்தைக் கிரெடிட் கார்டில், வாங்குபவருக்கு உத்தரவாதம் தரும் தளம் வழியாக மட்டும் செலுத்துங்கள். கார்டில் செலுத்தியது மோசடியானால் முறையிட்டுத் திரும்பப் பெற வழி இருக்கிறது. உடனடிப் பரிமாற்றச் செயலியில் நீங்களே அனுப்பிய பணம், ரொக்கத்தைக் கையில் எடுத்துக் கொடுத்ததற்குச் சமம். கேட்ட விலைக்கு மேல் இரண்டாவதாக ஒரு சிறு தொகை, எந்தப் பெயரில் கேட்டாலும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஜனவரி 1. பாசடீனா நகர மையத்திலிருந்து கூட்டத்தோடு ஒரு மணி நேரம் நடந்து மைதானத்துக்குப் போனேன். சான் கேப்ரியல் மலைகள் நல்ல வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. குளிர்காலம் தொடங்கியபின் சட்டைமேல் சட்டை போடாமல் நடந்த முதல் நாள் அது. வாசலில் இருந்த பெண்மணி என் கைபேசியின்மேல் ஸ்கேனரைப் பிடித்தார், சிவப்பு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லி மறுபடியும் பிடித்தார், மீண்டும் சிவப்பு. இது திரையைப் படம் பிடித்தது, செயலியில் இருப்பதைக் காட்டுங்கள் என்றார். நான் பேசாமல் நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வரிசையிலிருந்து என்னை ஒதுக்கி நிறுத்தி, டிக்கெட் அலுவலகச் சாளரத்தைக் கைகாட்டினார். அங்கே அந்த எண்ணுள்ள வரிசையே அந்தப் பகுதியில் கிடையாது என்றார்கள். மைதானத்தின் இருக்கை வரைபடம் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். கணக்கையே காணவில்லை.

மைதானத்தை ஒட்டிய கோல்ஃப் புல்வெளியைத்தான் அன்று வாகன நிறுத்துமிடமாக விட்டிருந்தார்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே புல்லில் உட்கார்ந்து கைபேசியில் ஆட்டத்தைப் பார்த்தேன். நேரலை என்பார்களே தவிர, கைபேசிக்கு வருவதற்குள் அரை நிமிடமாவது ஆகிவிடும். மைதானம் பள்ளத்தாக்கில் இருப்பதால் ஆரவாரம் முதலில் நேராகக் காதுக்கு வந்துவிடும். திரையில் வீரர்கள் இன்னும் வரிசையில் நிற்பார்கள், மைதானம் அதிரும். அதிர்ந்தது எங்கள் பக்கமா அலபாமா பக்கமா என்று தெரியாது. உள்ளே 96,371 பேர். வெளியே நான், ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பயத்தோடு காத்திருந்தேன். நான்காம் கால்பகுதியில் 13–20 என்று பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடிய 1 நிமிடம் 34 விநாடி இருந்தபோது ரோமன் வில்சன் பந்தைப் பிடித்துச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். கூடுதல் நேரத்தில் கோரம் 17 யார்டு ஓடிப் புகுந்தார். அதற்குள் இருட்டிவிட்டது. அலபாமாவுக்குக் கடைசி வாய்ப்பு, மூன்று யார்டு தூரம். வீரர்கள் வரிசையில் வந்து நிற்கும் காட்சிதான் என் திரையில் இருந்தது, மைதானத்திலிருந்து அதுவரை கேட்காத ஒரு பேரொலி எழுந்தது. பக்கத்து வண்டியிலிருந்த அலபாமாக் குடும்பம் தலையைத் திருப்பியது. நானும் அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு என் திரையில் அலபாமாவின் ஜேலன் மில்ரோ பந்தோடு நடுவே பாய்ந்தார், மிச்சிகன் வீரர்கள் அவரை மறித்து விழத்தட்டினார்கள். 27–20. அந்தக் குடும்பத்துத் தாயார் வந்து என் தோளைத் தட்டி வாழ்த்திவிட்டு, வறுத்த கோழி ஒரு தட்டு தந்தார். காலையிலிருந்து சாப்பிடாதவன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

செலவுக் கணக்கு இது. டிக்கெட்டுக்கென்று போனது 440 டாலர், விமானம் 540, இரண்டு இரவு பகிர்வு அறை 130, போக்குவரத்தும் சாப்பாடும் 90. மொத்தம் 1,200. டாலருக்கு 83 ரூபாய் என்று பார்த்தால் ஒரு லட்சத்துக்கு நானூறு குறைவு. விமானத்துக்கான தொகையைக் கிரெடிட் கார்டில் போட்டிருந்ததால் வட்டியும் சேர்ந்து மே மாதம்வரை கட்டினேன். வளாகத்து உணவகத்தில் நான் பார்த்த வேலைக்கு இது ஏறத்தாழ ஆறு வாரக் கூலி. மாணவர் விசாவில் இருப்பவர் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வெளியே கடைகளில் ரொக்கத்துக்கு வேலை இருக்கிறது என்று சிலர் ஆசை காட்டினார்கள். இழந்த பணத்தை மீட்க விசாவை இழக்கும் வழி அது. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

திரும்பியதும் வங்கிக்குப் போனேன். நானே ஒப்புக்கொண்டு அனுப்பிய பணம் என்பதால் திரும்பப் பெற முடியாது என்று கடிதம் கொடுத்தார்கள். ஆனாலும் புகார் செய்யுங்கள். கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் மோசடிப் புகார்ப் பக்கத்திலும், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது, குடிமகனாக இருக்க வேண்டியதும் இல்லை. வெளிநாட்டு மாணவன் காவல் துறைக்குப் போனால் விசாவுக்குச் சிக்கல் வரும் என்று எனக்கு ஒருவர் சொல்லி, அதை நம்பி மூன்று வாரம் வீணாக்கினேன். ஏமாற்றப்பட்டவர் புகார் கொடுப்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. அங்கே போன பிறகுதான் இந்தத் தெளிவு எனக்கு வந்தது. புகார் செய்தபின் வேறொரு கூட்டம் வரும். உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று எனக்கே இரண்டு பேர் எழுதினார்கள். அவர்களும் அதே தொழில் செய்பவர்கள்தாம்.

ஹூஸ்டனில் ஜனவரி 8ஆம் தேதி வாஷிங்டன் அணியை 34–13 என்று வென்று, பதினைந்து ஆட்டங்களிலும் தோல்வியே இல்லாமல் மிச்சிகன் தேசிய சாம்பியன் ஆனது. 1997இல் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். தனித்துப் பிடித்தது 1948க்குப் பிறகு இதுதான். அதை எங்கள் குடியிருப்பின் பொது அறையில் இருபது பேரோடு பார்த்தேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, 13ஆம் தேதி, நகரத்தில் வெற்றி ஊர்வலம். காசு இல்லை, டிக்கெட் இல்லை. கைகள் விறைக்கும் குளிரில் தெருவோரம் நின்றேன். வீரர்கள் போன வண்டி பத்தடி தூரத்தில் கடந்து போயிற்று.

அப்பாவிடம் மே மாத இறுதியில், கார்டுக் கடனை அடைத்த அன்று சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்ல, அன்னைக்கே சொல்லிருந்தா அங்க ஒத்தையில உக்காந்து அழுதுருக்க வேண்டாம்லா" என்றார். பணத்தைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடந்த அன்றே வீட்டுக்கோ கூடப் படிப்பவருக்கோ சொல்லியிருந்தால், புகாரை அடுத்த நாளே கொடுத்திருப்பேன். அந்த ஐந்து மாதம் தூக்கம் கெட்டிருக்காது. வளாகத்து மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் மாணவர்களுக்கு இலவசம்தான். அதற்கும் நான் பிப்ரவரிவரை தயங்கினேன்.

2024 செப்டம்பர் 7ஆம் தேதி டெக்சஸ் அணி ஆன் ஆர்பருக்கு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, கோவில்பட்டியிலிருந்து புதிதாக வந்திருந்த தம்பி ஒருவர் என் அறைக்கு வந்தார். மாணவர் டிக்கெட் கிடைக்கவில்லையாம். "அண்ணே, ஒருத்தர் நூத்தம்பது டாலருக்குத் தர்றேங்கார். இன்னைக்கே பணம் அனுப்பணுமாம்" என்று கைபேசியை நீட்டினார். விற்பவருக்கு உடல்நிலை சரியில்லாத உறவினர் ஒருவர் அந்த உரையாடலிலும் இருந்தார். முதலில் செயலி வழியாக டிக்கெட்டை அனுப்புங்கள், அல்லது உத்தரவாதமுள்ள தளத்தில் ஏற்றுங்கள், கார்டில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவரையே தட்டச்சு செய்யச் சொன்னேன். மறுமுனையில் தட்டச்சு செய்வதைக் காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றி, மறைந்து, மறுபடியும் தோன்றின. அதன்பின் பதில் வரவில்லை. அன்று இரவே அந்தத் தம்பி, அதிகாரப்பூர்வத் தளத்தில் மேல்வரிசை இருக்கை ஒன்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். ஆட்டத்தன்று காலை, காலடியில் போட்டுக்கொள்ள ஓர் அட்டைத் துண்டையும் எடுத்துப் போகச் சொன்னேன். செப்டம்பரில் அதற்குத் தேவை இல்லைதான். நவம்பருக்கும் இருக்கட்டும் என்று கொடுத்தேன்.